மத்திய வங்கி இல்லாத நாட்டில் நோட்டு எப்படிச் செல்லும்? சோமாலிய ஷில்லிங்கின் கதை

கேள்வி இதுதான்: 1991-ல் சோமாலியாவில் அரசாங்கம் விழுந்தது, மத்திய வங்கி சூறையாடப்பட்டது. அதற்கப்புறமும் அந்த நாட்டு ஷில்லிங் நோட்டு எப்படிச் செல்லுபடியானது? புழக்கத்தில் இருப்பதில் பாதி கள்ள நோட்டு என்கிறார்களே, மக்கள் ஏமாந்தா வாங்கினார்கள்?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பாதி இல்லை, ஏறக்குறைய முழுசும் கள்ள நோட்டுதான். 2017 வாக்கில் சர்வதேச நாணய நிதியம் சொன்ன கணக்கு நூற்றுக்கு 98. யாரும் ஏமாறவும் இல்லை. கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், எண்ணிக் கட்டுப்போடும் நாணய மாற்றுக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 'நல்ல நோட்டு' என்று தனியாக ஒன்று அங்கே இல்லாமல் போனதால், கள்ள நோட்டு என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லாமல் போய்விட்டது.

கையில் புரளும் நோட்டு ஒரே வகைதான், 1000 ஷில்லிங். முன்பக்கம் பெண்கள் உட்கார்ந்து கூடை முடைகிறார்கள், பின்பக்கம் தலைநகர் மொகதிஷுவின் கடலோரம். ஆண்டு 1990 என்றோ 1996 என்றோ போட்டிருக்கும். 1996-ல் சோமாலியாவில் நோட்டு வெளியிட மத்திய வங்கியே கிடையாது! அந்த நோட்டைத் தனியார்தான் அச்சடித்தார்கள் என்பதற்கு அதிலேயே போட்டிருக்கிற ஆண்டைவிட வேறு சாட்சி வேண்டாம். ஒரு டாலருக்கு 25,000 ஷில்லிங் என்று வைத்துக்கொண்டால் இந்த நோட்டு ஒன்றின் மதிப்பு 4 அமெரிக்க சென்ட், நம் காசில் மூன்று ரூபாய் சொச்சம். நூறு டாலரை மாற்றினால் 2,500 நோட்டு வரும். நூறு நூறாகக் கட்டினால் 25 கட்டு. சட்டைப்பையில் அடங்காது, பை கொண்டுபோக வேண்டும்.

இந்த நிலைக்கு எப்படி வந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அதிகம் இல்லை.

தன் பெயர் போட்ட பணம் என்பதே சோமாலியக் கடற்கரைக்குப் புதிது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஓடியவை மரியா தெரசா தாலர் என்ற ஆஸ்திரிய வெள்ளிக்காசும் இந்திய ரூபாயும். ரூபாய் அங்கே எவ்வளவு ஊன்றியிருந்தது என்றால், இத்தாலிக்காரர்கள் தங்கள் சோமாலியக் காலனிக்கு 1910-ல் வெள்ளிக்காசு அடித்தபோது அதற்கு 'ரூபியா' என்றே பெயர் வைத்து, இந்திய ரூபாயின் எடையிலேயே அடித்தார்கள். 1925-ல் லிரா வந்தது. 1941-ல் பிரிட்டிஷ் படை பிடித்ததும் கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங். 1950-ல் ஐ.நா. மேற்பார்வையில் இத்தாலி திரும்பி வந்ததும் சோமாலோ. 1960-ல் பிரிட்டிஷ் பகுதியும் இத்தாலியப் பகுதியும் சேர்ந்து விடுதலை அடைந்தன. 1962-ல்தான் சோமாலிய ஷில்லிங் நோட்டு வந்தது. ஐம்பது அறுபது வருஷத்துக்குள் இத்தனை பணம் மாறியதைப் பார்த்த ஊர் அது.

1969-ல் ராணுவத் தளபதி சியாத் பாரே ஆட்சியைப் பிடித்தார், அடுத்த ஆண்டே வங்கிகளை அரசுடைமையாக்கினார். எழுபதுகளில் பெரும்பாலும் அரசு சொன்ன விலை, டாலருக்கு 6 ஷில்லிங் சொச்சம். வெளியே வேறு விலை. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன சோமாலிகள் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பினால் நஷ்டம் என்று வியாபாரிகளிடம் கொடுத்தார்கள். அந்த டாலரைக் கொண்டு வியாபாரி துபாயிலோ ஜித்தாவிலோ சரக்கு வாங்கி ஊரில் விற்பார், வந்த ஷில்லிங்கை அந்தத் தொழிலாளியின் குடும்பத்திடம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். நம்மூரில் உண்டியல் என்போமே, அதே வழிதான். 'ஃபிராங்கோ வலூட்டா' என்ற பெயரில் அரசே சில ஆண்டுகள் இதை அனுமதித்தது.

இதை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1991-ல் எல்லாம் ஒரே நாளில் இடிந்து விழுந்ததாக எழுதுகிறவர்கள் இந்த இருபது ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள். 1977-78-ல் எத்தியோப்பியாவுடன் ஓகாடென் போர். 1983-ல் சவூதி அரேபியா சோமாலிய மாடுகளை நோய்க்குப் பயந்து வாங்க மறுத்தது. கால்நடைதான் அந்த நாட்டின் பெரிய ஏற்றுமதி. வரவு நின்றதும் அரசு நோட்டடித்துச் செலவைச் சமாளித்தது. எண்பதுகளின் கடைசியில் விலைவாசி ஏற்றம் ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டியது. 500, 1000 ஷில்லிங் நோட்டுகள் வந்ததே இந்த நெருக்கடியில்தான். ஆக, வங்கியை நம்பாமல், அரசு விலையைச் சட்டை செய்யாமல் பணத்தைப் புரட்ட மக்கள் எப்போதோ பழகிவிட்டார்கள். 1991 ஜனவரியில் பாரே மொகதிஷுவை விட்டு ஓடியபோது, மத்திய வங்கி போனது அவர்களுடைய அன்றாடத்தில் நாம் நினைக்கிற அளவு பெரிய ஓட்டையைப் போடவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அரசு போனதும் நோட்டு அடிக்கிற கையும் போய்விட்டது. இருக்கிற நோட்டுதான் சுற்றவேண்டும். கறிகாய் விற்பவருக்கும் ஒட்டகப் பால் கொண்டுவருகிற பெண்களுக்கும் சில்லறை வேண்டும். அதற்கு இதைவிட்டால் வேறு இல்லை. நாளைக்கு அடுத்த கடைக்காரர் வாங்குவார் என்ற தைரியத்தில் இன்றைக்கு இவர் வாங்கினார். அந்தத் தைரியம் பொய்க்கவில்லை, அவ்வளவுதான்.

நோட்டின் பின்னால் அரசு இல்லாதபோது அது சில காலம் நன்றாகவே நிற்கும் என்பதற்கு ஈராக்கின் குர்திஸ்தானும் சாட்சி. 1993-ல் சதாம் அரசு செல்லாது என்று அறிவித்த பழைய 25 தினார் நோட்டு அங்கே 2003 வரை ஓடியது. சதாம் இஷ்டத்துக்கு அடித்த புது நோட்டைவிட மதிப்பாகவே ஓடியது, கடைசியில் பழைய தினார் ஒன்றுக்குப் புதிய தினார் 150 என்று மாற்றிக்கொடுத்தார்கள். ஆனால் அந்த நோட்டை யாராலும் புதிதாக அடிக்க முடியவில்லை. சோமாலியாவில் அடித்தார்கள்.

முதலில் புது நோட்டு போட்டுப் பார்த்தார்கள். வடக்கு மொகதிஷுவைக் கையில் வைத்திருந்த அலி மஹ்தியின் தரப்பு 1991 என்று ஆண்டு போட்டு, 'என்' எழுத்து சேர்த்த 20, 50 ஷில்லிங் நோட்டுகளை இறக்கியது. அவர்கள் பகுதியைத் தாண்டி அது போகவில்லை. மற்றவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள்: புதிதாக எதையும் வரையாதே, மக்களுக்குப் பழகிய நோட்டையே அப்படியே அடி. தொண்ணூறுகளின் பின்பாதியிலிருந்து போர்த் தலைவர்களும், வடகிழக்கில் தன்னாட்சி நடத்திய புன்ட்லாந்து நிர்வாகத்தாரும், 2000-ல் அமைந்த இடைக்கால அரசை ஒட்டிய வியாபாரிகளும், இந்தோனேசியா போன்ற நாடுகளில் அச்சடித்து 1000 ஷில்லிங் நோட்டைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். 2000-ல் டாலருக்கு 10,000 அளவில் இருந்த விலை அடுத்த ஆண்டே 20,000-ஐத் தாண்டியது. ஓராண்டில் ஏழையின் மடியில் முடிந்திருந்த பணம் பாதியாகிவிட்டது. போன பாதி எங்கே போனது? அச்சடித்து இறக்கியவர்களின் துப்பாக்கிக்கும் சரக்குக்கும் போனது. வேறு நாட்டில் அரசு வரி என்று வாங்குவதை இங்கே இவர்கள் இப்படி வாங்கினார்கள்.

சரி, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றால் ஷில்லிங் ஏன் வெறும் காகிதமாகவில்லை? ஜிம்பாப்வேயில் ஆனது போல ஏன் ஆகவில்லை? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு நோட்டை அடிக்கச் செலவு உண்டு. தாள், மை, அச்சுக்கூலி, கப்பல்கூலி, துறைமுகத்திலும் வழிச்சாவடிகளிலும் அழவேண்டியது, எல்லாம் சேர்த்து நோட்டுக்குச் சுமார் 3 சென்ட் என்று இதை ஆராய்ந்தவர்கள் கணக்கிடுகிறார்கள். 1000 ஷில்லிங் 10 சென்ட் பெறுகிற காலத்தில் ஒரு நோட்டுக்கு 7 சென்ட் லாபம், ஆகவே அடிப்பார்கள். அடிக்க அடிக்க மதிப்பு இறங்கும். 3, 4 சென்ட்டுக்கு வந்ததும் லாபம் கரைந்துவிடும், அச்சை நிறுத்திவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் சூளை போடலாம் என்கிற ஊரில் செங்கல் விலை கடைசியில் சுட்ட கூலியில் வந்து நிற்குமே, அந்த மாதிரி. 2008-ல் டாலருக்கு 30,000-ஐயும் தாண்டிப் போனபோது நோட்டின் மதிப்பு சரியாக அந்த 3 சென்ட் பக்கம்தான் வந்து நின்றது.

ஆனால் இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. யாராவது 50,000 ஷில்லிங் என்று ஒரு நோட்டு அடித்தால் என்ன ஆகும்? செலவு அதே 3 சென்ட், மதிப்போ 2 டாலர். அடித்தவன் மாளிகை கட்டலாம், ஷில்லிங் ஒரே மாதத்தில் மண்ணாகும். அது நடக்கவில்லை. 1991-க்கு முன்னால் தாங்கள் பார்த்துப் பழகிய நோட்டைத் தவிர வேறு எதையும் மக்கள் தொடவில்லை. ஜிம்பாப்வேயில் அரசாங்கம் பூஜ்யம் சேர்த்துச் சேர்த்து 100 ட்ரில்லியன் வரை அடித்தது, வாங்கமாட்டேன் என்று சொல்ல அங்கே சட்டம் விடவில்லை. மொகதிஷுவில் வாங்கு என்று கட்டாயப்படுத்தச் சட்டமும் இல்லை, சட்டத்தை நடத்த ஆளும் இல்லை. பெரிய நோட்டு வராமல் தடுத்தது சந்தையில் உட்கார்ந்திருந்தவர்களின் பிடிவாதம். சின்ன நோட்டுகளோ தாமாகவே செத்தன. 500 ஷில்லிங்கை அடிக்கிற செலவு அதன் மதிப்பைவிட அதிகம் என்பதால் கள்ளநோட்டுக்காரர்கூட அதைத் தொடவில்லை, இருந்ததும் கிழிந்து முடிந்தது.

இதை வைத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, அரசு இல்லாமலே பணம் ஒழுங்காக நடக்கிறது' என்று எழுதுகிற பொருளாதாரக்காரர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை. பணம் நடந்தது. ஆனால் 10 சென்ட்டிலிருந்து 3 சென்ட்டுக்கு இறங்கிய அந்தச் சரிவு யார் தலையில் விழுந்தது என்று அவர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. 2008 மே மாதம் மொகதிஷுவில் வியாபாரிகள் பழைய, நைந்த 1000 ஷில்லிங்கை வாங்கமாட்டோம், டாலர் கொடு என்றார்கள். உலகம் முழுக்க அரிசி, கோதுமை விலை ஏறியிருந்த நேரம் அது. கையில் அந்த நோட்டைத் தவிர வேறு இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஏற்கச் சட்டமில்லாத பணத்தை ஒருநாள் காலையில் கடைக்காரர்கள் சேர்ந்துகொண்டு மறுத்துவிட்டால் முறையிட ஒரு வாசல்கூட இல்லை.

வடக்கே நடந்தது வேடிக்கை. 1991-ல் தனியாகப் பிரிந்துகொண்ட சோமாலிலாந்து 1994-ல் தனக்கென்று ஷில்லிங் வெளியிட்டது. அதற்கு மத்திய வங்கி உண்டு, அரசு உண்டு, சட்டமும் உண்டு. பழைய சோமாலிய ஷில்லிங் 100-க்கு புது ஷில்லிங் 1 என்று மாற்றிக்கொடுத்தார்கள். கையில் அச்சு வந்ததும் அந்த அரசும் தன் உள்நாட்டுச் சண்டைக்கு அதிலிருந்தே செலவழித்தது. டாலருக்குப் பத்துகளில் தொடங்கிய விலை 2017 வாக்கில் 10,000-ஐத் தொட்டது. பிறந்த அன்று 100 பெற்ற நோட்டு இன்று அநாதை ஷில்லிங் மூன்று பெற்றால் பெரிது. அரசு பெற்ற பிள்ளை அநாதையைவிட வேகமாக மெலிந்தது! சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவின் தெருக்களில் நாணய மாற்றுக்காரர்கள் நோட்டுக்கட்டுகளைச் சுவர் மாதிரி அடுக்கிவைத்து உட்கார்ந்திருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். தொழுகை நேரத்தில் மேலே ஒரு துணியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், யாரும் தொடமாட்டார்கள். அந்த ஊரின் நேர்மைக்கு அது பெருமைதான். கைவண்டி நிறையத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் பெரிதாக ஒன்றும் தேறாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய தொகைகளுக்கு சோமாலியா முழுக்க எப்போதுமே டாலர்தான். வீட்டு வாடகை, அலுவலகச் சம்பளம், மொத்தச் சரக்கு எல்லாம் டாலர். அது உள்ளே வருகிற முக்கிய வழி புலம்பெயர்ந்த சோமாலிகள் 'ஹவாலாட்' என்ற பணம் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக அனுப்பும் பணம், ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல். லண்டனில் ஒருவர் கொடுத்தால் மறுநாளுக்குள் ஊரில் ஒரு கடையில் அம்மாவுக்குக் கிடைத்துவிடும். 2001 நவம்பரில் அமெரிக்கா பயங்கரவாதத் தொடர்பு என்று சொல்லி அப்படிப்பட்ட அல்-பரக்காத் நிறுவனத்தின் கணக்குகளை முடக்கியபோது பல குடும்பங்களுக்கு அந்த மாதச் சோறு நின்றது. 2013-ல் பார்க்லேஸ் வங்கி, பெரிய நிறுவனமான தஹப்ஷீலின் கணக்கை மூடப் போவதாகச் சொன்னதும் அதே பயம் மறுபடி வந்தது.

ஷில்லிங்கைக் கடைசியில் வீழ்த்தியது அரசும் இல்லை, கள்ளநோட்டும் இல்லை, கைபேசி. 2009-ல் ஹர்கெய்சாவில் டெலிசோம் நிறுவனம் 'ஸாட்' என்ற சேவையைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மொகதிஷுவில் ஹோர்முட் நிறுவனத்தின் 'இ.வி.சி. பிளஸ்' பரவியது. ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையம் வேண்டாம். நட்சத்திரக் குறியும் 712-உம் அழுத்தி, எதிராளியின் எண்ணும் தொகையும் போட்டு, ரகசிய எண்ணைத் தட்டினால் டாலர் போய்ச்சேரும், இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி வரும். டீக்கடைக்காரர் தன் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவைத்திருப்பார். 2018-ல் உலக வங்கி கொடுத்த கணக்கில் மாதத்துக்கு 15.5 கோடிப் பரிமாற்றம், 270 கோடி டாலர். 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 73 சதவீதம் பேர் இதைப் பயன்படுத்தினார்கள்.

இது ஷில்லிங்குக்கு ஏன் எமனானது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கச் சில்லறைக் காசு அங்கே ஓடுவதில்லை. காகிதத்தில் ஆகச் சிறியது 1 டாலர். ஒரு டாலருக்குக் கீழே உள்ள டீ, பஸ் கட்டணம், ஒரு கட்டு கீரை எல்லாவற்றுக்கும் ஷில்லிங் இல்லாமல் முடியாது, அந்த ஒரு மூலையில்தான் அது உயிர் வாழ்ந்தது. கைபேசியில் 20 சென்ட்டும் அனுப்பலாம், 5 சென்ட்டும் அனுப்பலாம். அந்த மூலையும் போயிற்று. 2010-ல் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு கைபேசிப் பணத்தைத் தடை செய்து பார்த்தது, பரவலை நிறுத்த முடியவில்லை. இப்போது பல ஊர்களில் ஷில்லிங்கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இருக்கிற நோட்டோ அழுக்கேறி, ஒட்டுப்போட்டு, எழுத்தே தெரியாத நிலை. 4 சென்ட்டுக்காக யாரும் புதிதாக அடிக்கப்போவதும் இல்லை.

டாலரே ஓடட்டும், ஷில்லிங் எதற்கு என்று கேட்கலாம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கைபேசி இல்லாத மேய்ச்சல்காரர், பட்டினியில் ஊர்விட்டு வந்து முகாமில் இருப்பவர், இவர்கள் சம்பாதிப்பதும் செலவழிப்பதும் இன்னும் அந்த நைந்த நோட்டில்தான். டாலர் வைத்திருப்பவருக்கும் எப்போதும் சுகமில்லை. 2011-ல் அல்-ஷபாப் மொகதிஷுவை விட்டு விலகியதும் வெளிநாட்டு டாலர் வந்து குவிந்தது, 30,000-க்கு மேல் இருந்த விலை இரண்டு மூன்று ஆண்டில் 20,000 அளவுக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் வாங்கிச் சந்தையில் ஷில்லிங்கில் செலவழித்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது. அதைச் சமன்செய்ய அந்த நாட்டு அரசின் கையில் ஒரு கருவியும் இல்லை.

மத்திய வங்கி திரும்ப வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2023 டிசம்பரில் சோமாலியாவின் வெளிநாட்டுக் கடனில் சுமார் 450 கோடி டாலர் தள்ளுபடியானது. அடுத்தது புது நோட்டு என்று சர்வதேச நாணய நிதியத்தோடு திட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் சுவாரஸ்யமான விஷயம், கள்ள நோட்டையும் வாங்கிக்கொண்டுதான் நல்ல நோட்டு கொடுக்கப்போகிறார்கள். வேறு வழியில்லை. இருப்பதில் 98 பங்கு கள்ள நோட்டு என்றால், அதைச் செல்லாது என்று சொல்வது ஏழையின் மடியில் இருப்பதைப் பிடுங்குவதுதான். ஆனால் கள்ள நோட்டுக்கும் மதிப்பு உண்டு என்று அரசே சொல்லிவிட்டால் அச்சகங்கள் மறுபடி ஓடத் தொடங்கும். அதனால் மாற்று விகிதத்தை அடிக்கிற செலவுக்கு மேலே போகாமல் வைக்கவேண்டும், மாற்றிக்கொள்ளும் கெடுவைக் குறைவாக வைக்கவேண்டும், அதே சமயம் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்ப்பவருக்கும் அந்தக் கெடுவுக்குள் செய்தி போய்ச்சேர வேண்டும். இதற்கெல்லாம் மாநிலங்களின் ஒத்துழைப்பு வேண்டும். புன்ட்லாந்தோ 2024 மார்ச்சில் மொகதிஷுவின் மத்திய அரசை இனி ஏற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது.